வில்லும் நாணும்: ரேடியன் எனக்குப் பிடிபட்ட நாள்

கல்லூரிக் கணிதத்தில் எங்கே தடுமாறினோம் என்ற இந்தப் பேச்சில், கலப்பெண்களின் அடுக்குகளைக் காண உதவும் டி மாய்வர் தேற்றத்தைப் பலர் எழுதிவிட்டீர்கள். நான் சிக்கியது அதற்கும் முன்னால், ரேடியன் என்ற கோண அளவில்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. பி.எஸ்சி. கணிதம் முதலாமாண்டில் வகுப்பு முழுக்க ஆங்கிலம். சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ரேடியன் என்றால் மட்டும், 57.3-ஆல் பெருக்கிப் பாகையாக்க வேண்டிய ஏதோ ஒன்று என்பதற்கு மேல் தெரியாது.

திரிகோணமிதித் தாளில் தவறாமல் வரும் கணக்கு ஒன்று உண்டு. தீட்டா ஒரு கோணம்; சைன் தீட்டாவைத் தீட்டாவால் வகுத்தால் 5045/5046, தீட்டா எவ்வளவு? சைன் தீட்டாவின் விரிவில் முதல் இரண்டு உறுப்புகளை (தீட்டா, அதிலிருந்து கழியும் தீட்டாவின் கனத்தில் ஆறில் ஒரு பங்கு) எடுத்தால் தீட்டாவின் வர்க்கம் 1/841, தீட்டா 1/29. நான் '1/29 பாகை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சரியான விடை 1/29 ரேடியன், அதாவது ஏறத்தாழ 1 பாகை 58 நிமிடம் (ஒரு பாகையில் 60 நிமிடம்).

தாள் திருத்திய பேராசிரியர் என்னை அழைத்து, "தம்பி, எதில் 29-இல் ஒரு பங்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் தம் எவர்சில்வர் டிபன் பாக்ஸின் வட்ட மூடியை எடுத்தார். மையத்திலிருந்து விளிம்பு வரை நூலை அளந்து வெட்டி, அதே நூலை விளிம்போடு வளைத்து வைக்கச் சொன்னார். நூலின் இரு முனைகளும் மையத்தில் தாங்கும் கோணம்தான் ஒரு ரேடியன். நூல் நழுவி நழுவி, மூன்றாம் முறைதான் படிந்து உட்கார்ந்தது.

"இந்த வளைவுக்குப் பள்ளியில் என்ன பெயர்?"

"வில், மேடம்."

"முனைகளை நேராக இணைத்தால்?"

"நாண்."

"வில்லில் பூட்டும் நாண்தான். அதில் பாதியை ஆரத்தால் வகுத்தால், பாதிக் கோணத்தின் சைன்."

ஐந்து ஆண்டுகள் அந்த இரண்டு சொற்களையும் எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட வில்லை நினைத்ததில்லை. வடமொழியில் ஜ்யா என்றாலும் நாண்தான். ஜீவா என்றும் வழங்கிய அது அரபியில் ஜீபா ஆனது. அதையே மடிப்பு என்று பொருள்படும் வேறு சொல்லாகப் படித்து, லத்தீனில் சைனஸ் என்று பெயர்த்தார்கள்.

பிறகு அவர் கரும்பலகையில் எழுதியது ஆரியபட்டர் 499-இல் தந்த அரைநாண் மதிப்புகள். ஆரம் 3438, ஒரு ரேடியனில் ஏறத்தாழ அத்தனை நிமிடங்கள். வில் 225 நிமிடம், அரைநாண் 225. வில் 450, அரைநாண் 449. 675-க்கு 671. 900-க்கு 890. வில்லைவிட அரைநாண் குறைவதைப் பாருங்கள்: 0, 1, 4, 10. அன்றிரவு விடுதியில் தீட்டாவின் கனத்தை ஆறால் வகுத்து, 3438-ஆல் பெருக்கி நானே கணக்கிட்டேன். 0.2, 1.3, 4.3, 10.3 என்று வந்தது. அதுவரை குருட்டுப் பாடமாக ஒப்பித்த விரிவு, வில்லுக்கும் நாணுக்கும் இடையிலுள்ள இடைவெளியாகக் கண்முன் நின்றது. தூக்கம் வரவில்லை.

தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளிடம், பழைய சொற்களை மறந்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

—

மேலே எழுதியவருக்கு: நான் பாலிடெக்னிக்கில் சிவில். அந்த 3438-ஐப் பெயர் தெரியாமலே சுமந்திருக்கிறேன். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியில் ஒரு நிமிடம் பிசகினால் 100 மீட்டர் தூரத்தில் 3 சென்டிமீட்டர் விலகும் என்று சர்வே வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். 100-ஐ 3438-ஆல் இப்போதுதான் வகுத்துப் பார்த்தேன். 0.029 மீட்டர் வருகிறது.