கறிவேப்பிலையில் முட்டை வைப்பது காமன் ரோஸா? அவசரம்

கொல்லைப்புறம்:
வணக்கம். ஒரு பட்டாம்பூச்சி, கறுப்பு இறக்கை, பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள், வாலும் இருக்கிறது. காமன் ரோஸ்தானே? எங்கள் கறிவேப்பிலையில் முட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. பையன் நாளைக்குப் பள்ளியில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். படம் இணைத்திருக்கிறேன்.

பூச்சிப்பித்தன்:
படம் ஏறவில்லை. எந்த ஊர்? உடம்பு என்ன நிறம்? முதுகைப் பார்த்துச் சொல்லாதீர்கள், ரோஸுக்கும் முதுகு கறுப்புதான். தலை, நெஞ்சின் பக்கவாட்டு, வயிற்றின் அடிப்பக்கம், வயிற்று நுனி, இந்த இடங்கள் சிவப்பா என்று பாருங்கள்.

மூத்தவன்62:
மாதம் ஒருமுறை இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. காமன் ரோஸ் கறிவேப்பிலையில் முட்டை வைக்காது. இது காமன் மார்மன் என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண். இந்தப் பெண்கள் எல்லாமே ரோஸ் மாதிரி வேஷம் போடுபவை. அவ்வளவுதான் விஷயம்.

கொல்லைப்புறம்:
ஒரத்தநாடு பக்கம். உடம்பு சிவப்புதான் ஐயா, படத்தில் தெளிவாகத் தெரிகிறது. முட்டை வைத்ததையும் என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் கறுப்பாக, பின்னிறக்கையில் வரிசையாக வெள்ளைப் புள்ளி உள்ள ஒன்று அதைத் துரத்திக்கொண்டே இருந்தது. இது முக்கியமா என்று தெரியவில்லை.

வயல்வரப்பு:
உடம்பு, புள்ளி எல்லாம் அப்புறம். பறப்பதைப் பாருங்கள். ரோஸ் அவசரமே இல்லாமல் மிதந்து போகும், பறவை தன்னைத் தொடாது என்று அதற்குத் தெரியும். மார்மனைக் கிட்டப் போய்க் கலைத்துப் பாருங்கள், வேஷம் கலைந்து தறிகெட்டு ஓடும். இருபது வருடமாக நான் இப்படித்தான் பிரிக்கிறேன்.

பூச்சிப்பித்தன்:
முட்டை வைக்கும் மார்மனும் மெதுவாகத்தான் பறக்கும் அண்ணா, இலை இலையாகக் காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு. அந்த நேரத்தில் உங்கள் சோதனை பலிக்காது.

ஒட்டுக்கன்று:
உடம்பு சிவப்பு, முட்டை கறிவேப்பிலையில், துரத்துவது மார்மன் ஆண். அப்படியென்றால் இது ரெண்டும் கலந்த கலப்பினம். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதில்லையா? அதே மாதிரிதான்.

மூத்தவன்62:
தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ரோஸ் பாக்கிலியோப்டா, மார்மன் பாப்பிலியோ. பேரினமே வேறு.

ஈஸ்வரமூலி:
சண்டை வேண்டாம். துரத்தியதுதான் இதில் நல்ல துப்பு. நீங்கள் சொல்லும் வெள்ளைப் புள்ளி வரிசைக்காரர் மார்மன் ஆண். அவர் ஒன்றை விடாமல் துரத்தினால் அது பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும். (எப்போதாவது ஏமாறுவார், அது வேறு கதை.)

ரோஸ் முட்டை வைப்பது ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை வகைக் கொடிகளில். அந்தக் கொடியின் நஞ்சு புழுவில் சேர்ந்து, பட்டாம்பூச்சியான பிறகும் உடம்பில் தங்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை சீண்டாது. மார்மன் புழு தின்பது கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம். அதில் அந்த நஞ்சு கிடையாது, அதனால்தான் இந்த வேஷம்.

மூத்தவன் ஐயாவுக்கு ஒரு திருத்தம். எல்லா மார்மன் பெண்களும் வேஷம் போடுவதில்லை. நம் பக்கம் மூன்று விதம் உண்டு. ஒன்று காமன் ரோஸ் மாதிரி. ஒன்று கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொரு பட்டாம்பூச்சி மாதிரி, அதற்கு முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும். மூன்றாவது அப்படியே ஆண் மாதிரி. ஆங்கிலேய இயற்கையறிஞர் வாலஸ் 1865லேயே இதை எழுதிவிட்டார். டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுதான் இந்த உடைகளை மாற்றுகிறது என்று 2014ல் கண்டுபிடித்தார்கள்.

மூத்தவன்62:
சுருக்கத்துக்காக அப்படி எழுதினேன். எனக்குத் தெரியாததல்ல.

நல்லூரான்:
எங்கட வீட்டுக் கறிவேப்பிலையிலும் இதே கூத்துத்தான். கிரிம்சன் ரோஸ் எண்டு நம்பி ஒரு வருசம் படம் எடுத்தனான், உடம்பு முழுக்கக் கறுப்பு. ஒரு சந்தேகம்: தமிழில மார்மனைக் கறிவேப்பிலை அழகி எண்டு எழுதுறாங்கள். அப்ப ஆணுக்கும் அழகியோ?

வயல்வரப்பு:
நானும் கேட்க நினைத்தேன். மீசை வைத்தவனை அழகி என்று கூப்பிடுவது போல இருக்கிறது.

பூச்சிப்பித்தன்:
அழகி என்பது குடும்பப் பெயர். எலுமிச்சை அழகி, ரோஜா அழகி, பொன்னழகி, எல்லாம் ஒரே குடும்பம். பசு என்று இனத்தைச் சொன்னால் காளையும் அதில் அடக்கம் இல்லையா?

மூத்தவன்62:
இல்லை. மாடு என்றுதான் சொல்வோம். இந்தப் பெயர்களே நேற்று உட்கார்ந்து சூட்டியவை. அறிவியல் பெயர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

ஒட்டுக்கன்று:
2019ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்ததற்குத் தமிழ் மறவன் என்று பெயர். அதில் பெண் வந்தால் மறத்தியா?

ஈஸ்வரமூலி:
என் பேத்திக்கு பாப்பிலியோ பாலிட்டஸ் என்ற மார்மனின் அறிவியல் பெயர் வாயில் நுழையவில்லை. கறிவேப்பிலை அழகி என்றதும் நேராகச் செடியிடம் ஓடினாள். எங்கே தேட வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிட்டதே, அது போதாதா? சரி, கேள்வி கேட்டவர் எங்கே? படம் வந்ததா?

கொல்லைப்புறம்:
மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது. ரெண்டு படமும் ஏற்றியிருக்கிறேன்.

பூச்சிப்பித்தன்:
ரெண்டும் ஒரே பூச்சி என்று யார் சொன்னது? முதல் படம் இட்லிப்பூவில் தேன் குடிக்கும்போது எடுத்தது. அதில் வயிற்று நுனி குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு. அது சுத்தமான காமன் ரோஸ். ரெண்டாவது படம் கறிவேப்பிலைத் தளிரில். வயிற்றை வளைத்திருக்கிறது பாருங்கள், நுனி வரை கறுப்பு, பக்கவாட்டில் வெள்ளைப் பொடிப்புள்ளி மட்டும். இது மார்மன். ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்?

கொல்லைப்புறம்:
இருபது நிமிடம் இருக்கும். நடுவில் அடுப்பை அணைக்க உள்ளே போனேன். ஒன்றேதான் திரும்ப வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

வயல்வரப்பு:
அப்போ சிவப்பு உடம்பும் சரி, முட்டையும் சரி. இவ்வளவு நேரம் ரெண்டு பூச்சிக்காக அடித்துக்கொண்டிருந்தோம்!

ஈஸ்வரமூலி:
அசலும் நகலும் ஒரே கொல்லையில் பறப்பது நல்ல செய்தி. பக்கத்தில் எங்கோ ஈஸ்வரமூலி வகைக் கொடி இருக்கிறது, வேலியோரம் தேடிப் பாருங்கள். தளிரில் ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் உருண்டைதான் முட்டை. கவனம், எலுமிச்சை அழகியும் இதே செடியில் இதே போல வைக்கும், முட்டையை மட்டும் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். நீங்கள் தாயைப் பார்த்துவிட்டதால் பிழைத்தீர்கள். புழு முதலில் பறவை எச்சம் போல இருக்கும், வளர்ந்ததும் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், பயப்பட வேண்டாம். வேப்பெண்ணெய் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

ஒட்டுக்கன்று:
கலப்பினம் சாத்தியமே இல்லை என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை.

மூத்தவன்62:
ஆண்டவா.

கொல்லைப்புறம்:
பையன் ரெண்டு பெயரும் எழுதிக் கொடுத்தான். முட்டை ஏழு இருந்தது. இன்று காலை அம்மா ரசம் தாளிக்க அந்தக் கொத்தையே ஒடித்துவிட்டார். மேல் கிளையில் ரெண்டு மிச்சம், அதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.