மூன்றாம் எண் பாட்டில்: கெட்டுவிட்டதா, நான்தான் ஏமாந்தேனா?

அரைக்கோப்பை:
நேற்று மாலை நண்பர்கள் மூவர் நான்கு ஒயின் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, எண் எழுதி, எது எதுவென்று தெரியாமல் சுவைத்தோம். நான்கும் அவற்றின் திராட்சை வகையின் பெயரிலேயே: ஹங்கேரியின் டோக்காய் வட்டாரத்து ஃபுர்மின்ட் (இனிப்பில்லாத வகை), கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவு அசிர்டிகோ, ஜார்ஜியாவின் ககேதியிலிருந்து ர்காட்சிடெலி, வடகிரேக்கத்து நௌசாவின் ஸினோமாவ்ரோ. வெள்ளைத் திராட்சையில் செய்த மூன்றையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்து ஊற்றினேன்.

முதல் இரண்டும் சுகமாகப் போயின. அசிர்டிகோவில் எலுமிச்சைப் புளிப்போடு மெல்லிய உப்புக்கரிப்பு. மூன்றாவதை ஊற்றியதும் கோப்பையில் ஆறிப்போன தேநீரின் நிறம். ஒரு வாய்தான். கன்னத்தின் உட்புறம் சுருங்கி ஒட்டிக்கொண்டது. பழமணம் துளியும் இல்லை. "காற்றுப்பட்டுக் கெட்டது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கோப்பையைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். காகிதத்தைப் பிரித்தால் ர்காட்சிடெலி! பாட்டிலில் பாதி மீதம் இருக்கிறது. அதையும் கொட்டிவிடலாமா?

மண்தாழி:
ஐயா, தயவுசெய்து கொட்டாதீர்கள். வெள்ளைத் திராட்சையில் செய்தது என்பதற்காக அதை வெள்ளை ஒயினோடு சேர்த்ததுதான் பிழை. ககேதியில் சாற்றைத் தோல், விதை, பல வேளைகளில் காம்போடும் சேர்த்து, மண்ணில் கழுத்துவரை புதைத்த க்வெவ்ரி என்னும் தாழியில் மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். சிவப்பு ஒயின் செய்யும் வழி அது. நீங்கள் பார்த்த நிறமும் துவர்ப்பும் தோலும் விதையும் கொடுத்தவை. இந்தத் தாழி முறையை 2013இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

குளிர் கூடினால் மணம் அடங்கும், துவர்ப்பு முன்னே வந்து நிற்கும். 14 டிகிரி அளவுக்கு வரவிட்டு, அகன்ற கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். வினிகர் நெடியோ நனைந்த அட்டைப்பெட்டி நெடியோ அடித்தால் மட்டும் கெட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள்.

புளிப்புக்கறுப்பு:
மண்தாழி சொல்வது சரி. ஆனால் தாழியில் பிறந்தது என்றாலே குற்றங்குறை பார்க்கக்கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. தாழியிலும் ஒயின் கெடும். ஒப்பிடுவதென்றால் இனத்தோடு இனத்தை வையுங்கள்: இத்தாலியின் ஃப்ரியுலியில் தோலோடு ஊறவைத்த ரிபொல்லா என்னும் வெள்ளைத் திராட்சை ஒயின் இதற்கு நல்ல துணை.

என் கதையும் உங்கள் கதைதான். பிரான்சின் ஜுராவில் வான் ஜோன் (மஞ்சள் ஒயின்) என்று ஒன்று செய்கிறார்கள். சவாஞ்ஞன் திராட்சை, அறுவடைக்குப் பிந்தைய 6ஆம் ஆண்டு முடியும்வரை பீப்பாயைத் திறந்து நிரப்பாமல், மேலே படரும் ஈஸ்ட் ஆடையின் அடியில் கிடக்கும். முதன்முறை முகர்ந்தபோது பழைய வால்நட் பருப்பு வாசனை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். இன்று எனக்கு அதற்கு ஈடு வேறில்லை.

ஸினோமாவ்ரோவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? என் புனைபெயரே அதன் பொருள்தான்.

அரைக்கோப்பை:
மன்னிக்கவும், அதிலும் சறுக்கினேன். வெளிறிய சிவப்பு, கடும் துவர்ப்பு, தக்காளி மணம். இத்தாலியின் நெபியோலோ என்னும் சிவப்பு ஒயின் என்று சத்தியம் செய்தேன்.

புளிப்புக்கறுப்பு:
அந்தச் சறுக்கல் பலருக்கும் உண்டு. கவலை வேண்டாம்.

அரைக்கோப்பை:
இன்று அந்த ர்காட்சிடெலியை ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு மறுபடி குடித்தேன். வினிகர் நெடி இல்லை. முதலில் உலர்ந்த ஆரஞ்சுத் தோல், பிறகு தேன்மெழுகு. துவர்ப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது கடுந்தேநீரின் துவர்ப்பு. ஒரு நண்பர் இன்னும் "மருந்து" என்றுதான் சொல்கிறார். குறிப்பேட்டில் எழுதியதை அடிக்கவில்லை. பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ரிபொல்லா கிடைக்கட்டும்.