குளூட்டன் இல்லாத சாப்பாடு: ஹட்டன் பக்கம் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம் அக்காமார், அண்ணன்மார். தங்கச்சி மகளுக்கு சீலியாக் நோய் (குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய்) என்று உறுதியாகிவிட்டது. குளூட்டன் இருக்கிற கோதுமை, பார்லி, றை (rye) தானியம் மூன்றும் இனி வாழ்நாள் முழுக்கக் கூடாது. காலையில் ரொட்டியும் சம்பலும் என்று வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை, பாவம்.

பாண், பணிஸ், ரவை, நூடில்ஸ் எல்லாம் நிறுத்தியாச்சு. ஒளிந்திருக்கிற கோதுமைதான் பெரிய தலைவலி. மோல்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தது. பெருங்காயத்தில்கூட கோதுமை மா கலப்பது வழக்கம். கடை இடியப்பம், பிட்டு, குரக்கன் ரொட்டி எதையும் கேட்காமல் வாங்க முடியாது, கேட்டாலும் "அரிசி மாதான்" என்பார்கள்!

சோறு, பருப்பு, மரவள்ளிக்கிழங்கு இருக்கும்வரை வயிறு காயாது, சரி. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஹட்டன், தலவாக்கலை பக்கம் கோதுமை அரைக்காத மில் இருக்கிறதா? அதே இயந்திரத்தில் திரித்தால் அரிசி மாவிலும் கோதுமை ஒட்டிவிடும். அப்புறம், கோதுமை சேராத சோயா மீட் எது? பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக் கொடுக்கிறீர்கள்?

"கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம். சிறு துண்டும் குடலைப் புண்ணாக்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.