ஹெவி மெட்டல் இசையின் உருவாக்கத்தில் எந்தக் குழுவின் பங்கு பெரியது?

உப்புவெளிக் கிட்டார் எழுதியது:

திருகோணமலையில் கிட்டார் பழகும் இளைஞர்கள் சிலருக்காக, ஹெவி மெட்டல் இசை பிறந்து வளர்ந்த கதையைப் பாடல்களை ஒலிக்கவிட்டு விளக்கும் ஒரு மாலை அமர்வை ஒழுங்குசெய்து வருகிறேன். அவர்களிற் பெரும்பாலானோர் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிக்காவை நன்கு அறிவர். அதற்கு முந்தியவற்றைக் கேட்டதில்லை. கிடைக்கும் நேரம் இரண்டு மணித்தியாலம் மட்டுமே என்பதால், எந்தக் குழுக்கள் இல்லாதிருந்தால் இந்த இசை இன்றைய வடிவத்தை அடைந்திருக்காதோ, அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

லெட் செப்பலின், டீப் பர்ப்பிள், பிளாக் சபாத் என்ற வழமையான வரிசையே முதலில் நினைவுக்கு வந்தது. ஆயினும் 1964 இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரின் கூம்பைச் சவர அலகால் கீறி, அந்தக் கரகரத்த ஒலியில் 'யூ ரியலி காட் மீ' பாடலைப் பதிவுசெய்ததையும், 1968 இல் ப்ளூ சியர் குழு 'சம்மர்டைம் ப்ளூஸ்' பாடலைக் காது கிழியும் சத்தத்தில் வாசித்ததையும் விட்டுவிடலாமா என்று தயங்குகிறேன். எங்கிருந்து தொடங்குவது, யாரை விடுவது என்பதைக் காரணத்தோடு சொல்வீர்களானால் பேருதவியாக இருக்கும்.

பழைய ஒலிநாடா எழுதியது:

தம்பி, தயங்காமல் பிளாக் சபாத்திலிருந்து தொடங்குங்கள். சத்தத்தையும் கரகரப்பையும் அவர்களுக்கு முன்பே பலர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கிங்க்ஸும் ப்ளூ சியரும் சத்தத்தைக் கூட்டிய பின்னரும் வாசித்தது ரொக் அண்ட் ரோலும், கறுப்பின அமெரிக்கரின் ப்ளூஸ் இசையுமே. 1970 பெப்ரவரி 13 அன்று வெளியான சபாத்தின் முதல் தொகுப்பைக் கேட்பவருக்கு, முதற் பாடலிலேயே வேறோர் உலகம் திறக்கிறது.

அந்தப் பாடலின் அடிப்படை மூன்றே சுரங்கள்: கீழ்ச் சட்ஜம், மேற் சட்ஜம், பின்னர் இறங்கி வந்து பிரதி மத்திமத்தில் ஒரு நிறுத்தம். ஐரோப்பிய இசை மரபு இந்தச் சட்ஜ–பிரதி மத்திம இடைவெளியை நெடுங்காலம் அமைதியற்ற ஒன்றாகவே கருதி வந்தது. கல்யாணி, பந்துவராளி ராகங்களில் அதே பிரதி மத்திமத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு அது அச்சமூட்டுவதில்லை என்பதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அப்போதுதான், சபாத்தின் அச்சம் அந்தச் சுரத்தில் மட்டும் இல்லை, அதைத் துணைக்கு வேறெதுவும் இல்லாமல், மிக மெதுவாக, மிகுந்த கனத்தோடு, மறுபடி மறுபடி ஒலிக்கவிட்டதில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரியும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் பேர்மிங்காமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தாமே விரல்நுனிக் கவசங்கள் செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971 இன் 'மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி' தொகுப்பில் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தியின் இழுவிசை குறைந்து விரலுக்கு இதம் கிடைத்ததோடு, ஒலியும் ஆழமாகக் கனத்தது. இன்று மெட்டல் வாசிக்கும் எண்ணற்ற குழுக்கள் சுருதியை இறக்கி வாசிப்பதற்கு இதைவிடச் செல்வாக்கு மிக்க முன்மாதிரி இல்லை என்பேன்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதியது:

மேலே உள்ள பதிலின் ஒவ்வொரு வரியையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அது பாதிக் கதைதான். சபாத்தின் பில் வார்ட் வாசிக்கும் டிரம்ஸில் ஜாஸின் ஊசலாட்டம் இருக்கிறது. அயோமியின் தனி வாசிப்புகளில் ப்ளூஸ் இருக்கிறது. அந்தப் பழைய வீட்டிலிருந்து மெட்டலைத் தனிக்குடித்தனம் அழைத்து வந்தவர்கள் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவினர். அவர்களும் பேர்மிங்காம் பகுதியினரே. 1976 இன் 'சாட் விங்ஸ் ஒஃப் டெஸ்டினி', 1978 இன் 'ஸ்டெய்ன்ட் கிளாஸ்' ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ப்ளூஸின் தளர்ச்சி குறைந்து, கூர்மையும் வேகமும் ஒழுங்கும் ஏறிவருவதைக் காதாலேயே அறியலாம்.

கிளென் டிப்டன், கே. கே. டௌனிங் என்ற இருவரின் கிட்டார்களும் இங்கே சமமானவை. ஒருவர் முன்னணி, மற்றவர் துணை என்ற பிரிவு இல்லை. நமது கோயில்களில் இரண்டு நாதஸ்வரக் கலைஞர்கள் மாறி மாறி வாசித்துப் பின் சேர்ந்து முழங்குவதைக் கேட்டவர்களுக்கு இந்த உரையாடல் உடனே பிடிபடும். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: நாதஸ்வரக்காரர்கள் சேரும்போது பெரும்பாலும் ஒரே சுரத்தில் சேர்வார்கள், இவர்கள் பல இடங்களில் ஒருவருக்கு மேலே இன்னொருவர் வேறொரு சுரத்தை இணையாக எடுத்துச் செல்வார்கள். விஷ்போன் ஆஷ், தின் லிசி ஆகிய குழுக்களும் இதைச் செய்தன என்பதை மறுக்கவில்லை. அந்த முறையை மெட்டலின் எலும்புக்கூடாக்கி, பின்வந்த அயர்ன் மெய்டன் குழுவின் கையில் கொடுத்ததில் பிரீஸ்டின் பங்கு மிகப் பெரியது. தோலாடையும் உலோகக் குமிழ்களும் அணிந்த தோற்றமும் 1970களின் இறுதியில் அவர்களிடமிருந்தே பரவியது.

உவர்மலைவாசி எழுதியது:

டீப் பர்ப்பிளை இருவருமே கைவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது. 1970 இன் 'இன் ரொக்' தொகுப்பில் ஜோன் லோர்ட் தமது ஹமொண்ட் ஓர்கனை மார்ஷல் அம்ப்ளிஃபையர் வழியே செலுத்தி, கிட்டாருக்கு இணையாக உறும வைத்தார். 1972 இன் 'ஹைவே ஸ்டார்' பாடலில் ரிச்சி பிளாக்மோர் வாசிக்கும் பகுதி, இசையமைப்பாளர் பாக் (Bach) வாழ்ந்த காலத்து ஐரோப்பிய இசையின் கோர்வைகளை மின் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. அவரே பின்னர் ரெயின்போ குழுவைத் தொடங்கி, 1976 இல் ரொனி ஜேம்ஸ் டியோவின் குரலோடு 'ரைசிங்' தொகுப்பைத் தந்தார். வீரர்களும் மந்திரவாதிகளும் உலவும் மெட்டல் பாடல்களின் பெரும் பகுதிக்கு அதுவே வாசல். லெட் செப்பலின் மாபெரும் குழு. ஆனால் நேரம் போதாவிட்டால் அவர்களை விடலாம், ஏனெனில் அவர்களது நாட்டம் நாட்டார் இசையிலும் ப்ளூஸிலும் பரந்து கிடந்தது.

நிலாவெளி டிரம்ஸ் எழுதியது:

மாணவர்கள் மெட்டாலிக்காவை அறிவார்கள் என்று கேள்வியிலேயே இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் பாதை யாருடைய பதிலிலும் இல்லை. 1975 இல் லெமி தொடங்கிய மோட்டர்ஹெட் குழுவின் 'ஓவர்கில்' பாடலை ஒலிக்கவிடுங்கள். 1979 இல் ஃபில் டெய்லர் இரண்டு பாஸ் டிரம்களைக் காலால் இடைவிடாது உருட்டிய அந்த வாசிப்பைக் கேட்காமல், மெட்டாலிக்கா வாசித்த த்ராஷ் என்ற அதிவேக மெட்டல் கிளையின் வேகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அடுத்து டயமண்ட் ஹெட் குழு 1980 இல் வெளியிட்ட 'ஆம் ஐ ஈவில்' பாடலையும், அதையே மெட்டாலிக்கா 1984 இல் வாசித்த பதிவையும் அருகருகே வையுங்கள். 1982 இல் வெனம் குழு வெளியிட்ட 'பிளாக் மெட்டல்' தொகுப்பிலிருந்து ஒரு நிமிடம் போதும். ஒரு முழுக் கிளைக்கே பெயர் தந்த தொகுப்பு அது.

உப்புவெளிக் கிட்டார் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சபாத்தில் தொடங்கி, பிரீஸ்ட், மோட்டர்ஹெட், டயமண்ட் ஹெட் வழியாக மெட்டாலிக்காவின் 1983 ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் முடிக்கத் தீர்மானித்துள்ளேன். சுருதி இறக்கிய கிட்டாரை நானே வாசித்துக் காட்டி, சாதாரணச் சுருதியிலும் அதே ரிஃபை (மீண்டும் மீண்டும் வரும் கிட்டார்த் துணுக்கை) ஒருமுறை வாசிப்பேன். வேறுபாட்டைச் சொல்லால் விளக்கத் தேவையிருக்காது. டீப் பர்ப்பிளுக்கு ஒரு பாடல் ஒதுக்குவேன், அது 'ஹைவே ஸ்டார்' ஆகவே இருக்கும். லெட் செப்பலினை விடுகிறேன்.

பழைய ஒலிநாடா எழுதியது:

வரிசை நன்று. செப்பலினை முற்றாக விடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1969 ஜனவரியில் வந்த அவர்களது முதல் தொகுப்பில் 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' இரண்டரை நிமிடமே ஓடும். அதில் ஜிம்மி பேஜ் வலக்கையைக் கீழ்நோக்கி மட்டும் அடித்து வாசிக்கும் முறையைக் கேளுங்கள். மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலக்கையை அறிந்த உங்கள் மாணவர்கள் அதை உடனே இனங்காண்பார்கள். சபாத்துக்கு முன்பாக அதை வையுங்கள். இரண்டரை நிமிடத்துக்கு இடமில்லையென்றால் வெனத்தின் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துவிடுங்கள். நிலாவெளி நண்பர் என்னோடு சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.