புதுப்பிப்பு: பிளாப்பி டிரைவின் வாசிப்புக் கோளாறு தீர்ந்தது

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகையுடன் இணைத்த 3.5 அங்குல பிளாப்பி டிரைவில் மோட்டார் சுழன்று, வாசிக்கும் தலை வட்டின் 0-ஆம் தடத்துக்குச் சரியாகத் திரும்பியும், 30-ஆம் பின்னில் வரும் வாசிப்புத் துடிப்புகள் மட்டும் குழம்பியிருப்பதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கேபிளைச் சந்தேகித்தது என் தவறு. டிரைவின் வெளியீடுகள் திறந்த கலெக்டர் வகை என்பதால், அவை கம்பியைத் தரைக்கு இழுக்குமே தவிர 5 வோல்ட்டுக்கு உயர்த்தா. அந்த வேலையை நான் ஒப்படைத்திருந்த ஊனோ சிப்பின் உள் புல்-அப் மின்தடையோ (கம்பியை 5 வோல்ட்டுக்கு இழுப்பது) 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருந்து கம்பியை மெதுவாகவே உயர்த்துவதால், மைக்ரோ வினாடிக் கணக்கில் வரும் துடிப்புகளுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. வட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 200 மில்லி வினாடிக்கு ஒருமுறை மட்டும் வரும் இண்டெக்ஸ் துடிப்பு ஒழுங்காகத் தெரிந்ததால்தான் ஏமாந்தேன். 30-ஆம் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடையைப் பற்றவைத்ததும், 720 கேபி வட்டின் துடிப்பு இடைவெளிகள் 4, 6, 8 மைக்ரோ வினாடி என இருக்க வேண்டியபடியே மூன்று கூட்டமாகப் பிரிந்து நின்றன. எழுதும் பகுதியை இன்னும் தொடவில்லை.