அடிக்கிற பிள்ளைக்கு மருத்துவம் தேடிய அனுபவம்

பதின்மூன்று வயதுப் பிள்ளை வீட்டாரை அடிக்கத் தொடங்கினால் அதை வெளியில் சொல்ல நம் கடற்கரை ஊர்களில் எந்தக் குடும்பமும் எளிதில் முன்வருவதில்லை. பாம்பன் பக்கத்தில் வாழும் என் தங்கை, தன் கையில் மகன் கடித்த தடத்தை மீன் முள் கிழித்த காயம் என்றே நெடுநாள் சொல்லி வந்தாள். தாய்மாமன் என்ற முறையில் அவனுடைய சிகிச்சையில் தொடக்கம் முதல் உடனிருந்தவன் நான். தங்கையின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.

பாத்திரங்களை வீசுவதும் அம்மாவை அடிப்பதுமாக இருந்தவன், ஒரு மாலை மீன் அரியும் கத்தியைத் தன் தங்கச்சியின் பக்கம் ஓங்கிய பிறகுதான் வீடு முழுவதும் நடுங்கியது. அப்பன் விசைப்படகில் கடலுக்குப் போய்விடுவதால் கண்டிப்பு இல்லாமல் வளர்ந்தான் என்றார்கள் சிலர். செய்வினை என்றார்கள் சிலர். ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னவர்களும் உண்டு. எல்லா மதத்தாரும் நம்பிக்கையோடு போகும் அந்த தர்காவின் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் 2001 ஆகஸ்டு 6 அன்று அதே ஊரில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயிலிருந்து தப்பி ஓட வழியின்றி இறந்ததை இந்த மாவட்டத்தில் எங்கள் தலைமுறை மறக்கவில்லை. “அண்ணே, கட்டிப் போட்டுத்தான் குணமாக்கணும்னா, அவன் என் வீட்டுலயே என்னை அடிச்சுக்கிட்டு இருக்கட்டும்” என்று தங்கை சொன்னாள். மனநோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தெளிவாகச் சொல்கிறது. வேண்டுதலை விட மனமில்லாத குடும்பங்கள் அதை விட வேண்டியதில்லை. வேண்டுதலோடு மருந்தும் போகட்டும் என்ற ஏற்பாட்டை அரசே ஏர்வாடியில் செய்திருக்கிறது.

முதலில் பார்த்த தனியார் மருத்துவர், எதிரே தலைகுனிந்து அமைதியாக உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்துவிட்டு, வயதுக் கோளாறு, போகப் போகச் சரியாகும் என்று சில நிமிடங்களில் அனுப்பிவிட்டார். இத்தகைய பிள்ளைகளில் பலர் அந்நியர் முன்னால் அடங்கித்தான் இருப்பார்கள் என்பதால், வீட்டில் நடப்பதை வீட்டார் ஒளிக்காமல் சொன்னாலன்றி மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. அதன் பிறகு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம்: என்ன நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, யாரை எதனால் அடித்தான், எவ்வளவு நேரம் நீடித்தது, அடங்கியபின் அழுதானா, தூங்கினானா, நடந்தது அவனுக்கு நினைவிருந்ததா. பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது போல் இருக்கிறது என்று தங்கை முதலில் எழுத மறுத்தாள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அந்த நோட்டை நீட்டியபோதுதான் பேச்சே தொடங்கியது.

மருத்துவர் கேட்ட கேள்விகளை இங்கே குறிப்பது பயன்படும். சிறுவயதில் வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறானா, தூக்கம் எப்படி, சாகப் போகிறேன் என்று பேசுகிறானா, பள்ளிப் பிள்ளைகள் உதட்டுக்கடியில் அடக்கும் புகையிலைப் பழக்கம் உண்டா, வீட்டிலோ பள்ளியிலோ அவனை யாராவது அடிக்கிறார்களா. வலிப்பும், மனச்சோர்வும், போதையும் வெளியே ஒரே மாதிரி ஆத்திரமாகத் தெரியலாம், மருந்து ஒன்றல்ல. பிறகு உளவியல் சோதனைகளும் நடந்தன. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறும், எழுத்துக் கூட்டிப் படிப்பதில் ஒரு கற்றல் குறைபாடும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஏழாம் வகுப்பு வரை வாசிக்கத் தெரியாததற்காக வகுப்பறையில் அவமானப்பட்டு, அந்த ஆத்திரத்தை அம்மாவிடம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான் பிள்ளை. அவனுக்காக நான் அழுதது அன்றுதான்.

ஆத்திரம் தணிய ரிஸ்பெரிடோன் என்ற மனநல மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். பசியும் எடையும் கூடும், அதனால் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். எடை கூடவும் செய்தது. ஆனால் மாத்திரையைவிடப் பெற்றோருக்கான பயிற்சிதான் அதிகம் மாற்றியது என்பது என் கருத்து. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்ததால் மைத்துனரும் தவறாமல் வந்தார். பெல்ட்டை எடுப்பதை நிறுத்தினார். கத்தி, அரிவாள்மனை எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போயின. குரல் உயர ஆரம்பித்தால் சின்னவள் உடனே பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் போய்விட வேண்டும், அந்த நேரத்தில் யாரும் அவனிடம் நியாயம் பேசக் கூடாது என்று முடிவானது.

உள்நோயாளியாகச் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது தங்கை மிகவும் பயந்தாள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ முழு நேரமும் கூடவே தங்க வேண்டும் என்று அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதை மருத்துவர் விளக்கியபின் அவள் பயம் குறைந்தது. கடைசியில் சேர்க்க வேண்டிய தேவை எழவில்லை. நடு இரவில் ஒருமுறை அவன் கதவை உடைத்தபோது, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணுக்கு அழைத்தோம்; இரவிலும் தமிழிலேயே பேசினார்கள், தங்கையின் மூச்சு சீராகும் வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை.

இப்போது அடிப்பது மிகவும் குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. மருத்துவர் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார். மருத்துவச் சான்றைக் காட்டியபின் பள்ளியில் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி நிறுத்துவதில்லை. தங்கை அந்த நோட்டை இன்னும் எழுதுகிறாள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்வோம்.