தினமும் தண்ணீர் ஊற்றியும் டெண்ட்ரோபியம் தண்டு சுருங்குவது ஏன்?

வேளச்சேரி பால்கனி:
ஊதா நிற டெண்ட்ரோபியம் ஆர்க்கிட், வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, நர்சரியில் போட்டுக் கொடுத்த தேங்காய் நார்க்கழிவு. கிழக்குப் பார்த்த பால்கனி, காலை பத்து மணி வரை வெயில். தினமும் போர் தண்ணீர். தண்டெல்லாம் வரி வரியாகச் சுருங்குகிறது, இலை மஞ்சளாகி உதிர்கிறது. தண்ணீரைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது. பக்கத்திலேயே ஒரு வெள்ளை ஃபெலனாப்சிஸ், அதுவும் ஆர்க்கிட்தான். அதன் இலைகள் பளபளவென்று இருக்கின்றன, ஆனால் பழைய பூ கொட்டியபின் புதுப் பூந்தண்டே வரவில்லை. என்ன செய்யலாம்?

மாடி நிழல்வலை:
முதலில் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். தண்டு சுருங்குவது தாகத்தால்தான், ஆனால் தொட்டியில் தண்ணீர் இல்லாத தாகம் அல்ல. குடிக்க வேர் இல்லாத தாகம். இது மரக்கிளையில் தொற்றி வளரும் இனம். வேரைச் சுற்றியுள்ள வெள்ளைப் பஞ்சு உறை மழையை உறிஞ்சிக்கொண்டு உடனே காற்றில் காய வேண்டும். நார்க்கழிவு நாள் முழுக்க ஈரமாக ஒட்டிக்கிடந்தால் காற்றில்லாமல் வேர் அழுகும். தண்ணீரைக் கூட்டினால் மிச்சமிருப்பதும் போகும்.

விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். தோல் வழுகி உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர், வெட்டிவிடலாம். பிளேடைத் தீயில் காட்டிவிட்டு வெட்டுங்கள். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவிலும் இதைச் செய்ய வேண்டும், வைரஸ் பெரும்பாலும் கத்தி வழியாகத்தான் பரவுகிறது. பிறகு கார்பண்டசிம்-மான்கோசெப் பூஞ்சைக்கொல்லிக் கலவை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பத்து நிமிடம் வேரை முக்கி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கையுறை அவசியம்.

புதுத் தொட்டி 4 அங்குலம் போதும், பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண்தொட்டி. பெரிய தொட்டிதான் பாதிச் செடிகளைக் கொல்கிறது. அடியில் ஓட்டாஞ்சில், மேலே அடுப்புக்கரி இரண்டு பங்கு, ஓர் அங்குலத் தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு. மட்டையை மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் நீரை மாற்றுங்கள், உப்பும் பழுப்புச் சாறும் இறங்கட்டும். பழைய தண்டு ஓரத்தில், புதுக் குருத்து நடுவை நோக்கி. அடிப்பாகத்தைப் புதைக்காமல் மேலாக வைத்து ஒரு குச்சியோடு கட்டுங்கள். செடி ஆடினால் புது வேர் நுனி உடைந்துபோகும். முதல் நான்கைந்து நாள் தெளிப்பு மட்டும். புது வேர் ஓர் அங்குலம் வரும்வரை உரம் வேண்டாம்.

சேலம் கரித்தொட்டி:
மேலே சொன்னது சரி, ஒரு திருத்தம். கரி, உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே வருடத்தில் கரிமேல் வெள்ளை படியும், வேர் நுனி கருகும். டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 200-க்குக் கீழ் உள்ள நீர் நல்லது. மழைநீர் கிடைத்தால் அதுவே போதும். ஆர்ஓ நீரில் கால்சியம் இருக்காது, தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 உரத்திலும் கிடையாது. ஆகவே மாதம் ஒருமுறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம், தனியாக. இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் அடியில் மாவாகப் படிந்துவிடும். 19:19:19 வாரம் ஒருமுறை லிட்டருக்கு 1 கிராம், அதற்குமேல் கூடாது.

எல்லாரும் சொல்லும் லவங்கப்பட்டைத் தூளைத் தண்டு வெட்டிய இடத்தில் தடவலாம். வேரில் கொட்டாதீர்கள், நல்ல வேரையும் உலர்த்திவிடும்.

ஏற்காடு மூடுபனி:
ஃபெலனாப்சிஸுக்கு நோயில்லை, சென்னைதான் காரணம். அது பூந்தண்டு விடச் சில வாரம் தொடர்ந்து 25 டிகிரிக்குக் கீழ் குளிர் வேண்டும். சூடு 28-க்கு மேலேயே நின்றால் இலையாக விட்டுக்கொண்டே இருக்கும். ஏற்காட்டில் தானாக நடப்பது சென்னையில் டிசம்பர், ஜனவரியில்கூட அரைகுறைதான். அந்த இரண்டு மாதமும் ஏசி அறையில் வெளிச்சமான ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். ஏசி காற்று நேராகப் படக்கூடாது. நேர் வெயிலும் அதற்கு ஆகாது, இலையில் வெள்ளைத் தழும்பு விழும். இலை நடுவில் நீர் தேங்கினால் குருத்தே அழுகும், டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

வேளச்சேரி பால்கனி:
எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெறும் நூல். இலையில்லாத இரண்டு பழைய தண்டுகளை வெட்டிவிடலாமா? ஒன்றின் உச்சிக் கணுவில் சின்னக் கன்று இருக்கிறது.

மாடி நிழல்வலை:
தண்டு கெட்டியாக இருந்தால் தொடாதீர்கள். அதுதான் செடியின் சேமிப்பு, அடுத்த குருத்து அதைத் தின்றுதான் வளரும். இலையில்லாத தண்டிலும் பூ வரும். பழுப்பாகிக் காய்ந்ததை மட்டும் எடுங்கள். வேர் பழுதான செடி உச்சியில் கன்று விடுவது வழக்கம். அந்தக் கன்றுக்கு இரண்டு அங்குல வேர் மூன்று நான்கு வந்ததும் திருகி எடுத்துத் தனியாக நடுங்கள், தாய்ச்செடி போனாலும் அது நிற்கும்.

இனி தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியைக் கரிக்குள் செருகி வையுங்கள். காலையில் உருவிப் பார்த்து ஈரமாக இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கியதும் தொட்டியைச் சாரல் படாத உள்சுவர்ப் பக்கம் நகர்த்திவிடுங்கள்.